ஒரு வார மிஷன் பயணம்: பெட்டி கட்டுவதற்கு முன் என்னென்ன யோசிக்கணும்?

டிசம்பர் பள்ளி விடுமுறை வந்தால் சிலர் ஜப்பான் போவார்கள், சிலர் ஜொகூர் பாருவோடு நிறுத்திக்கொள்வார்கள். தேவாலயத்துக்குப் போகும் இளையர்கள் சிலருக்கு வேறொரு அழைப்பு வரும். "கம்போடியாவுக்கு மிஷன் டிரிப் போறோம், நீயும் வர்றியா?"

ஏழு நாளோ பத்து நாளோ வெளிநாட்டில் தங்கி, அங்குள்ள திருச்சபையோடு சேர்ந்து ஊழியம் செய்துவிட்டுத் திரும்புவதுதான் குறுகிய கால மிஷன் பயணம். சிறுவர்களுக்குப் பாட்டும் கதையும் சொல்லித் தருவது, மருத்துவ முகாமில் கைகொடுப்பது, கட்டடத்துக்குச் சாயம் பூசுவது, ஆராதனையில் சாட்சி சொல்வது என்று பல வேலைகள் அதில் அடங்கும்.

என்ன எடுத்துப்போகணும் என்ற பட்டியலை யாரிடமும் வாங்கிவிடலாம். கொசு மருந்து, டார்ச் விளக்கு, வேதாகமம், கிட்டார்... அது சுலபம். அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியவைதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகின்றன.

ஒரு விஷயத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்க ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்துடுவீங்க. உங்களை வரவேற்றவங்க அங்கேயேதான் இருப்பாங்க. நீங்கள் சரியாகச் செய்தால் பலன் அவர்களுக்கு. தவறாகச் செய்தால், அதன் விலையைக் கொடுப்பவர்களும் அவர்கள்தான். அதனால் தயாராவது உங்களுக்காக மட்டும் இல்லை.

சிங்கப்பூரிலிருந்து எங்கே போகிறார்கள்?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். ஆனால் இங்குள்ள திருச்சபைகளின் தொடர்புகள் இந்தத் தீவைத் தாண்டிப் பரந்தவை. எடுத்துக்காட்டாக, சிங்கப்பூர் ஆங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் பொறுப்பு இந்தோனேசியா, தாய்லந்து, கம்போடியா, லாவோஸ், வியட்நாம், நேப்பாளம் வரை நீள்கிறது. மெதடிஸ்ட் திருச்சபைக்கும் வட்டார நாடுகளில் பள்ளி, சமூகப் பணி ஆகியவற்றைக் கவனிக்கத் தனி மிஷன் சங்கம் உண்டு.

தமிழ்ச் சபைகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலேயே பேசலாம் என்பது பெரிய வசதி. அதே வசதி சில சிக்கல்களையும் கொண்டுவரும். அதைப் பிறகு பார்ப்போம்.

முதல் கேள்வி: யார் கூப்பிட்டாங்க?

"நாங்க வர்றோம், எங்களுக்கு ஏதாவது வேலை கொடுங்க" என்பது ஒரு வகை. "இந்த மாதம் இந்த வேலைக்கு நாலு பேர் வேணும், வர முடியுமா?" என்பது இன்னொரு வகை. இரண்டும் ஒன்றல்ல.

முதல் வகையில் உள்ளூர்ச் சபை உங்களுக்காக வேலையை உருவாக்க வேண்டியிருக்கும். போதகர் தன் வாரம் முழுவதையும் விமான நிலையத்துக்கு வருவது, சாப்பாடு ஏற்பாடு செய்வது, மொழிபெயர்ப்பது, ஊர் சுற்றிக்காட்டுவது என்று செலவிடுவார். போன வருடம் ஒரு குழு பூசிய சுவருக்கே இந்த வருடம் வேறு நிறம் பூசப்படும் கதையும் நடக்கும். விருந்தாளி மனம் நோகக்கூடாது என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஹோண்டுராஸ் நாட்டை 1998ல் மிட்ச் சூறாவளி நாசமாக்கியது. வீடிழந்தவர்களுக்கு வட அமெரிக்கத் திருச்சபைக் குழுக்கள் போய் வீடு கட்டிக் கொடுத்தன. உள்ளூர் அமைப்புகளும் கட்டின. பின்னர் இந்த இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார் சமூகவியலாளர் கர்ட் வெர் பீக். வெளிநாட்டுக் குழு கட்டிய வீட்டில் வாழ்ந்தவர்களுக்கும் உள்ளூர்க்காரர் கட்டிய வீட்டில் வாழ்ந்தவர்களுக்கும் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. விமானச் செலவையும் சேர்த்தால் வெளிநாட்டுக் குழுவின் செலவோ பல மடங்கு அதிகம். அவர் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் பணியாற்றியவர். மிஷன் பயணத்துக்கு எதிரியாக இருந்து அவர் இதைச் சொல்லவில்லை.

இதற்காகப் போகவே கூடாது என்று பொருளில்லை. நேரில் போனால்தான் கிடைக்கும் நட்பு, ஒன்றாக உட்கார்ந்து ஜெபிப்பது, நம் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வது இவையெல்லாம் பணத்தால் வராதவை. ஆனால் அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். "நாங்க உங்களுக்கு உதவப் போறோம்" என்பதைவிட "நாங்க கத்துக்க வர்றோம், முடிஞ்சதைச் செய்றோம்" என்பதே பல பயணங்களுக்குப் பொருத்தமான விளக்கம்.

குழுத் தலைவரிடம் இந்த நான்கையும் கேளுங்கள்:

• அங்குள்ள சபையோடு எத்தனை ஆண்டுத் தொடர்பு?
• இந்த வேலையைத் தேர்ந்தெடுத்தது யார், அவர்களா, நாமா?
• இதே வேலையைச் செய்ய அந்த ஊரில் கூலிக்கு ஆள் கிடைப்பாரா? கிடைப்பார் என்றால் நாம் ஏன் செய்கிறோம்?
• நாம் கிளம்பிய மறுநாள் இதை யார் தொடர்வார்?

நாலாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால், திட்டத்தை மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.

விசா: "டூரிஸ்ட்னு போட்டுக்கலாமா?"

பலர் சர்வசாதாரணமாகச் செய்யும் காரியம் இது. ஆபத்தானதும் இதுதான்.

இந்தியா: சுற்றுப்பயண விசாவில் சமயப் பிரசாரம் செய்ய அனுமதி கிடையாது. அதற்கென்று மிஷனரி விசா தனியாக இருக்கிறது. பல மாநிலங்களில் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்களும் உண்டு. ஒடிசாவின் சட்டம் 1967ல் வந்தது. உத்தரப் பிரதேசத்தின் சட்டம் 2021ல் வந்தது. தமிழ்நாட்டில் 2002ல் வந்த சட்டம் பின்னர் நீக்கப்பட்டது. ஆனால் விசா விதிமுறை மத்திய அரசாங்கத்துடையது. தமிழ்நாட்டுக்குப் போனாலும் அது பொருந்தும். "சொந்தக்காரங்க ஊர்தானே" என்று மேடையேறிப் பிரசங்கம் செய்ய முடியாது.

நேப்பாளம்: ஒருவரை மதம் மாற்றுவதும் மாறத் தூண்டுவதும் அங்கே குற்றம். 2018 ஆகஸ்ட்டில் நடப்புக்கு வந்த குற்றவியல் சட்டத்தின்படி 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கப்படலாம். வெளிநாட்டவரைத் தண்டனை முடிந்ததும் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

கம்போடியா: புத்த சமயம் அல்லாத அமைப்புகள் பொது இடங்களில் சமயப் பிரசாரம் செய்யக் கூடாது. துண்டுப் பிரசுரங்களை வழிபாட்டு இடத்துக்குள்தான் கொடுக்கலாம். சந்தையில் நின்று கொடுக்க முடியாது.

மலேசியா: முஸ்லிம்களிடம் மற்ற சமயங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அந்நாட்டு அரசமைப்புச் சட்டம் மாநிலங்களுக்குக் கொடுத்திருக்கிறது. ஜொகூர் பாலத்தைத் தாண்டினாலே சட்டம் வேறு.

சில நாடுகளில் சம்பளம் வாங்காத தொண்டூழியம்கூட 'வேலை' என்று கணக்கிடப்படும். அதனால் அந்தந்த நாட்டுத் தூதரகத்திடம், செய்யப்போகும் வேலையை உள்ளபடி சொல்லிக் கேட்பதே சரியான வழி. குடிநுழைவு அதிகாரி கேட்டால் சொல்லக் கூச்சப்படும் பதில் ஒன்று உங்கள் பயணத்தில் இருந்தால், திட்டத்தில் ஏதோ கோளாறு.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? உங்களுக்குப் பெரும்பாலும் அடுத்த விமானம். உங்களை அழைத்த போதகருக்குக் காவல் நிலையம். அவருடைய சபைக்குத் தொடர்ந்து தொல்லை.

2018 நவம்பரில் உலகம் முழுவதும் பேசப்பட்ட சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். அமெரிக்க இளையர் ஜான் ஆலன் சாவ், அந்தமானின் வட சென்டினல் தீவுக்கு நற்செய்தி சொல்லப் போனார். வெளியாள் யாரும் போகக்கூடாது என்று இந்தியா தடைசெய்த தீவு அது. வெளியுலகக் கிருமிகளை எதிர்க்கும் சக்தி அந்த மக்களுக்கு இல்லை என்பதும் தடைக்கு ஒரு காரணம். அவர் அங்கே கொல்லப்பட்டார். அதன் பிறகு கைதானவர்கள் யார்? அவரைப் படகில் கொண்டுபோய்விட்ட உள்ளூர் மீனவர்கள்.

"கடவுள் பார்த்துக்குவார்": பாதுகாப்பு யார் பொறுப்பு?

2007 ஜூலையில் தென் கொரியத் திருச்சபை ஒன்றைச் சேர்ந்த 23 பேர் ஆப்கானிஸ்தானுக்குப் போனார்கள். குறுகிய கால ஊழியப் பயணம்தான். பேருந்தில் போகும்போது தலிபான் அவர்களைக் கடத்தியது. இரண்டு ஆண்கள் கொல்லப்பட்டனர். தென் கொரிய அரசாங்கம் நேரடிப் பேச்சு நடத்தி, ஆறு வாரங்களுக்குப் பிறகுதான் எஞ்சிய 21 பேரும் விடுவிக்கப்பட்டனர். அரசாங்க எச்சரிக்கை இருந்தும் ஏன் போனார்கள் என்று கொரியாவிலேயே கடும் விமர்சனம் எழுந்தது.

விசுவாசம் வேறு, முன்னெச்சரிக்கை வேறு. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

• பயண எச்சரிக்கை ஏதும் நடப்பில் உள்ளதா என்று வெளியுறவு அமைச்சின் இணையத்தளத்தில் பாருங்கள். அங்கேயே உங்கள் பயணத்தையும் பதிவுசெய்யலாம். நிலநடுக்கமோ கலவரமோ வந்தால் உங்களைத் தேட அது உதவும்.
• பயணக் காப்புறுதியை எல்லோரும் எடுக்க வேண்டும். விலையை மட்டும் பார்க்காதீர்கள். தொண்டூழிய வேலைக்கும், ஏணி ஏறிக் கட்டட வேலை செய்வதற்கும், நோயாளியைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவருவதற்கும் அது பொருந்துமா என்று கேளுங்கள். அரசாங்கம் 'போக வேண்டாம்' என்று சொன்ன இடத்துக்குப் போனால் பல காப்புறுதிகள் செல்லாது.
• வாகனம் யார் ஓட்டுகிறார், இரவில் ஓட்டுகிறாரா என்று கேளுங்கள். வெளிநாட்டுப் பயணங்களில் நோயைவிடச் சாலை விபத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். இருக்கை வார் இல்லாத வண்டியில் பின்னால் நின்றுகொண்டு போவது சாகசம் கிடையாது.
• தேசியச் சேவையில் இருப்பவர்களும் சேரப்போகிறவர்களும் வெளிநாடு போவதற்கான விதிமுறையை முதலிலேயே பார்த்துவிடுங்கள். டிக்கெட் வாங்கிய பிறகு கேட்காதீர்கள்.
• 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். பெற்றோர் இல்லாமல் வரும் பிள்ளைகளிடம் சில நாடுகள் அந்தக் கடிதத்தைக் கேட்கும்.
• கடப்பிதழ் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள்.

தடுப்பூசி: கடைசி வாரத்தில் போட்டால் போதாதா?

போதாது. பயணத்துக்கு 4 முதல் 6 வாரத்துக்கு முன்பே பயண மருத்துவரைப் பாருங்கள். சில தடுப்பூசிகளுக்கு இரண்டு ஊசிகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும். சிலவற்றுக்கு உடலில் வேலைசெய்ய நாள் வேண்டும்.

டைஃபாய்டு: ஊசியாகப் போட்டால் குறைந்தது 2 வாரத்துக்கு முன் போட வேண்டும். பாதுகாப்பு சுமார் 2 ஆண்டுக்குத்தான். "போன டிரிப்புக்குப் போட்டேனே" என்பவர்கள் தேதியைப் பாருங்கள்.

கல்லீரல் அழற்சி ஏ: சாப்பாடு, தண்ணீர் வழியாகப் பரவுவது. கிராமத்தில் வீட்டுச் சாப்பாடு சாப்பிடப்போகிறவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டியது.

வெறிநாய்க்கடி நோய்: சிங்கப்பூரில் 1953 முதல் இந்த நோய் இல்லை. அதனாலேயே நமக்கு இதன் பயம் தெரியாது. வட்டார நாடுகள் பலவற்றில் இன்னும் இருக்கிறது. அறிகுறி தெரிந்துவிட்டால் உயிர் பிழைப்பது அரிதிலும் அரிது. நாய், பூனை, குரங்கு எது கடித்தாலும் கீறினாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். "சின்னக் கீறல்தானே, ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடவே கூடாது. முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருந்தாலும் கடிபட்ட பின் போடும் ஊசி தேவைப்படும்.

மலேரியா: நாட்டின் பெயரை மட்டும் சொன்னால் மருத்துவரால் முடிவுசெய்ய முடியாது, ஊரின் பெயரும் வேண்டும். புனோம் பென் நகரமும் கம்போடியாதான், காட்டோரக் கிராமமும் கம்போடியாதான். இரண்டிலும் அபாயம் ஒன்றல்ல. மாத்திரை கொடுத்தால் முழுவதையும் சாப்பிட வேண்டும். சில மாத்திரைகளை வீடு திரும்பிய பிறகும் 7 நாள், சிலவற்றை 4 வாரம் தொடர வேண்டும்.

மலைப்பகுதி: காட்மாண்டு சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பெரும்பாலோருக்குச் சிரமம் இல்லை. 2,500 மீட்டரைத் தாண்டும் கிராமங்களுக்குப் போனால் உயர மயக்கம் வரலாம்.

இன்னொன்றும் உண்டு. காய்ச்சல், இருமல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். நீங்கள் கொண்டுபோகும் கிருமிக்கு அங்கே மருத்துவமனை நாலு மணி நேரத் தூரத்தில் இருக்கலாம்.

சிறுவர் இல்லத்துக்குப் போலாமா?

மிஷன் பயணம் என்றதும் பலர் மனத்தில் வரும் படம் இதுதான்: சுற்றிலும் சிறுவர்கள், நடுவில் நாம், எல்லோர் முகத்திலும் சிரிப்பு. ஆனால் இந்த இடத்தில்தான் நல்ல மனம் மிகப் பெரிய தீங்கைச் செய்திருக்கிறது.

கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையே சிறுவர் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது. அநாதைகள் அத்தனை பேர் கூடவில்லை. இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். பிறகு ஏன் இல்லங்கள் பெருகின? வருகையாளர்களும் நன்கொடையும் பெருகியதே முக்கியக் காரணம். பிள்ளையைப் படிக்கவைக்க வழியில்லாத ஏழைப் பெற்றோர், "அங்கே சோறும் படிப்பும் கிடைக்கும்" என்ற நம்பிக்கையில் அனுப்பினார்கள். 2011ல் அங்குள்ள 'ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல்' அமைப்பு, பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்லர் என்ற இயக்கத்தையே தொடங்கியது.

2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு இன்னொன்று நடந்தது. அமெரிக்கத் திருச்சபைக் குழுவைச் சேர்ந்த 10 பேர், 33 பிள்ளைகளை உரிய ஆவணங்கள் இல்லாமல் பக்கத்து நாட்டுக்குக் கொண்டுபோக முயன்று கைதானார்கள். அநாதைகள் என்று சொல்லப்பட்ட அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தது பின்னர் தெரியவந்தது.

அந்தப் பிள்ளையின் பக்கம் நின்று யோசியுங்கள். இந்த வாரம் ஓர் அக்கா வந்து மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போகிறார். அடுத்த மாதம் வேறோர் அண்ணன். ஒவ்வொரு முறையும் ஒருவர் பிரிந்துபோகிறார். பழக்கமில்லாத யாரிடமும் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் அந்தப் பிள்ளைக்கு வருகிறது. அது அன்பின் அடையாளம் மட்டும் அல்ல, ஆபத்தும்கூட.

அதனால் பிள்ளைகளோடு வேலை என்றால் சில விதிகள் வேண்டும்:

• ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த உள்ளூர்க்காரர்.
• பிள்ளைகளை நேரடியாகக் கவனிக்கும் வேலை வேண்டாம். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பாடப் பொருள்கள் தயாரிப்பது போன்றவை நீங்கள் போன பிறகும் நிலைக்கும்.
• பரிசுப் பொருளை உங்கள் கையால் கொடுக்காதீர்கள். பெற்றோர் வழியாகவோ சபை வழியாகவோ கொடுங்கள். தம் பிள்ளைக்குத் தாங்களே வாங்கித் தர முடியாததை யாரோ ஒரு வெளிநாட்டவர் தருவதைப் பார்க்கும் தகப்பனின் மனத்தையும் யோசியுங்கள்.
• படம் எடுப்பதற்கு முன் பெற்றோரிடம் கேளுங்கள். அவர்கள் 'சரி' என்றாலும், பிள்ளையின் முகம், பெயர், ஊர் மூன்றையும் சேர்த்து இன்ஸ்டகிராமில் போடாதீர்கள். உங்க தம்பி தங்கச்சி படத்தை முன்பின் தெரியாத ஒருத்தர் அப்படிப் போட்டா சும்மா இருப்பீங்களா?

மருந்து, பழைய துணி, மடிக்கணினி... அள்ளிக்கிட்டுப் போலாமா?

மருந்து நன்கொடைக்கு உலகச் சுகாதார நிறுவனம் வழிகாட்டி வைத்திருக்கிறது. மருந்து போய்ச் சேரும்போது அதன் காலாவதித் தேதிக்கு இன்னும் குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும். அந்த நாட்டில் தேவைப்படும், அனுமதிக்கப்பட்ட மருந்தாக இருக்க வேண்டும். அங்குள்ள மருத்துவருக்குப் புரியும் மொழியில் குறிப்பு இருக்க வேண்டும். வீட்டு அலமாரியில் மீந்துபோன மாத்திரைகள் இதில் எதற்கும் பொருந்தாது.

மருத்துவ முகாமில் இன்னொரு கவனமும் வேண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாதிமை படிக்கும் மாணவர் சிங்கப்பூரில் ஊசி போட முடியாது என்றால் அங்கேயும் போடக்கூடாது. ஏழை நாடு பயிற்சிக்களம் கிடையாது. தகுதிபெற்ற மருத்துவர்கூட அந்த நாட்டின் அனுமதி பெற்றுத்தான் சிகிச்சை தரலாம். இரத்த அழுத்தத்துக்கு ஒரு வார மாத்திரை கொடுத்துவிட்டு வந்தால் எட்டாவது நாள் அவர் என்ன செய்வார்? பக்கத்து மருந்தகத்தோடு இணைந்து நடத்தும் முகாமே பயன்தரும்.

துணிமணி, எழுதுபொருள்களை முடிந்தவரை அந்த ஊர்க் கடையிலேயே வாங்குங்கள். பெட்டிக் கட்டணம் மிச்சம். கடைக்காரருக்கும் வியாபாரம்.

பணம் திரட்டுவதற்கும் விதி உண்டு

வீட்டாரிடமும் நண்பர்களிடமும் தனிப்பட்ட முறையில் கேட்பது வேறு. வெளிநாட்டு அறப்பணிக்கு என்று சொல்லிப் பொதுமக்களிடம் நிதி திரட்டுவது வேறு. இரண்டாவதற்கு அறநிறுவன ஆணையாளரின் அனுமதி தேவை. இணையத்தில் நிதி கேட்டுப் பதிவிடுவதும் பொதுமக்களிடம் கேட்பதுதான். பொதுமக்களிடம் திரட்டும் தொகையில் 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரிலேயே பயன்படுத்த வேண்டும் என்பது பொது விதி. சபை அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள்.

பணம் கொடுப்பவரிடம் கணக்கைப் பிரித்துச் சொல்லுங்கள். இத்தனை வெள்ளி விமானத்துக்கு, இத்தனை தங்க, இத்தனை அந்தச் சபைக்கு. 15 பேர் தலைக்கு 1,000 வெள்ளி செலவழித்தால் மொத்தம் 15,000 வெள்ளி. அதில் அந்த ஊருக்குப் போய்ச்சேருவது எவ்வளவு என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். கடைசி நாளில் மாமாலில் செலவழிப்பதற்கு முன், தங்கவைத்த வீட்டுக்குச் சாப்பாட்டுச் செலவைக் கொடுத்தீர்களா என்று பாருங்கள்.

மொழியும் மரியாதையும்

கம்போடியா, தாய்லந்து, லாவோஸ் ஆகிய நாடுகளில் தலை புனிதமானது. செல்லமாகக்கூடப் பிள்ளையின் தலையைத் தட்டாதீர்கள். காலை நீட்டி உட்காராதீர்கள். புத்த பிக்குகளைப் பெண்கள் தொடக்கூடாது. நேப்பாளத்தில் வலது கையால் கொடுங்கள், வாங்குங்கள். வணக்கம், நன்றி, சாப்பிட்டாச்சு, போதும் என்று பத்துச் சொற்களையாவது அந்த மொழியில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 'போதும்' ரொம்ப முக்கியம். இல்லையென்றால் தட்டில் சோறு விழுந்துகொண்டே இருக்கும்!

தமிழ்நாட்டுக்கோ இலங்கை மலையகத்துக்கோ போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. உங்களுக்குத் தமிழ் தெரியும் என்பதால் ஊரும் தெரியும் என்று ஆகிவிடாது. ஆங்கிலம் கலந்து பேசும் நம் வேகம் அவர்களுக்குப் புரியாமல் போகலாம். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் ஐயா, அம்மா, அண்ணன், அக்கா என்றே கூப்பிடுங்கள். யார் வீட்டில் சாப்பிடுகிறீர்கள், யார் தெருவுக்கு முதலில் போகிறீர்கள் என்பதற்கெல்லாம் கிராமத்தில் அர்த்தம் உண்டு. சாதி சபைக்குள்ளும் நுழைந்திருக்கும் இடங்கள் இருக்கின்றன. எந்தத் தெருவையும் விட்டுவிடாமல் போக என்ன வழி என்று உள்ளூர் ஊழியர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

அங்கே பார்க்கும் கோயிலையும் விகாரையையும் கேலி செய்து காணொளி போடுவது அறவே கூடாது. அது அங்குள்ள சிறுபான்மைக் கிறிஸ்தவர்களுக்கு வினையாக முடியும். இங்கேயும் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990 முதல் இருக்கிறது. 2019ல் அது திருத்தப்பட்டபோது இணையப் பதிவுகளும் கவனத்தில் கொள்ளப்பட்டன.

எப்போது என்ன செய்யணும்?

4 மாதத்துக்கு முன்: அழைத்த சபையோடு காணொளியில் பேசுங்கள். வேலையை அவர்களே சொல்லட்டும். கடப்பிதழ், விசா, தேசியச் சேவை விதிமுறைகளைச் சரிபாருங்கள்.

2 மாதத்துக்கு முன்: மருத்துவரைப் பாருங்கள். காப்புறுதி எடுங்கள். பிள்ளைகள் தொடர்பான விதிகளைக் குழுவில் எல்லோரும் படித்துக் கையெழுத்திடுங்கள்.

1 மாதத்துக்கு முன்: அந்த நாட்டின் வரலாற்றைப் படியுங்கள். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் என்ன நடந்தது என்று தெரியாமல் கம்போடியாவில் ஒரு பாட்டியிடம் "உங்க குடும்பத்துல எத்தனை பேர்?" என்று கேட்டுவிடாதீர்கள்.

1 வாரத்துக்கு முன்: வெளியுறவு அமைச்சில் பயணத்தைப் பதிவுசெய்யுங்கள். தொலைபேசி எண்கள், இரத்தப் பிரிவு, ஒவ்வாமை பற்றிய விவரங்களின் நகல் வீட்டிலும் இருக்கட்டும்.

வந்த பிறகு?

காய்ச்சல் வந்தால், சில மாதம் கழித்து வந்தாலும், எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

அங்கே கொடுத்த வாக்குறுதிகளை எழுதிவையுங்கள். "அடுத்த வருஷம் வர்றேன்", "படம் அனுப்புறேன்", "உன் படிப்புக்கு உதவுறேன்" என்று பிரியும்போது கண்ணீரோடு சொல்வது எளிது. கேட்டவர் அதை மறப்பதில்லை. செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள். சொல்லியிருந்தால் செய்யுங்கள்.

மூன்று மாதம் கழித்து அந்தச் சபைக்கு அழைத்து இரண்டே கேள்வி கேளுங்கள்: "நாங்க வந்ததால உங்களுக்கு என்ன சிரமம்? அடுத்த தடவை நாங்க வரணுமா, இல்ல அந்தப் பணத்தை அனுப்பட்டுமா?" அவர்கள் தயங்காமல் பதில் சொல்லும் அளவுக்கு நட்பு வளர்ந்திருந்தால், அந்தப் பயணம் வீண்போகவில்லை.